வீட்டுக் கணக்கில் எழுதப்படாத செலவு

(நமது மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)





சமய மன்றத்து மேடையில் நின்று வட்டியையும் சீட்டையும் பற்றிப் பேசுவது பொருத்தமாகுமோ என்று சிலர் ஐயுறக்கூடும். வள்ளுவர் பொருளுக்கென ஒரு பாலையே வகுத்து, அதனுள் பொருள் செயல்வகை என்று ஓர் அதிகாரமும் வைத்தார். அது ஒருபுறமிருக்க, ஆண்டுதோறும் ஆடிவேல் இரதம் எந்தத் தெருவிலிருந்து புறப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து அன்றோ? அங்கே முருகனுக்குக் கோவில் எடுத்த நகரத்தார், அதே தெருவில் பெட்டகத்தின் முன் அமர்ந்து இந்நாட்டு வணிகருக்கும் தோட்டக்காரருக்கும் கடன் கொடுத்தவர்கள். கொழும்பிலே சைவமும் கொடுக்கல் வாங்கலும் ஒரே தெருவில் வளர்ந்தவை. ஆதலின் நாம் இன்று பேசவிருப்பது அத்துணை அயலான பொருளன்று.

அந்த நகரத்தார் ஆங்கிலேயருடைய வங்கிகளிடம் கடன் பெற்று, அதனை மேலும் வட்டி வைத்து நம்மவர்க்குக் கொடுத்தனர். வங்கியின் வாயிலில் ஏறமுடியாத சுதேசி வணிகனுக்கு அவர்களே வங்கி. 1925 ஆம் ஆண்டில் சில செட்டிநாட்டு நிறுவனங்கள் கடனை மீளச் செலுத்தமுடியாமல் முறிந்தபோது, வங்கிகள் அவர்களுக்குக் கொடுத்த கடனைச் சுருக்கிக்கொண்டன. அதனால் நாட்டு வணிகமே மூச்சுத்திணறியது. பின்னர் 1934 இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலாவின் தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது. 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. இவ்வளவும் பெரிய வணிகருடைய கதை. ஏழைத் தொழிலாளியின் கதை வேறு. அவனுக்குச் சம்பள நாளில் வாயிலில் வந்து நின்ற ஆப்கானிய வட்டிக்காரனும், மூலைக்கடைப் பற்றுக்கொப்பியும், வீட்டுக்காரியின் காதிலும் கழுத்திலும் கிடந்ததுமே வங்கி. கடும்வட்டியைக் கட்டுப்படுத்த 1918 இலேயே இந்நாட்டில் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது என்பதிலிருந்து அன்றைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இன்று ஹெந்தளைச் சந்தியிலிருந்து வத்தளைக்குப் போகும் வழியில் எத்தனை வங்கிகள், எத்தனை நிதிக் கம்பனிகள், எத்தனை அடைவு நிலையங்கள்! ஆப்கானியன் போய்விட்டான். எனினும் அவன் தன் வட்டி இன்னதென்று வாய்விட்டுச் சொன்னான். இன்று நாம் கொடுக்கும் விலையோ பலவேளைகளில் சொல்லப்படுவதில்லை. சொல்லப்பட்டாலும் நமக்குப் புரியும்படி சொல்லப்படுவதில்லை.

முதலாவதாக ஒரு சிறு கணக்கு. ஒருவர் தளபாடமோ குளிர்சாதனப் பெட்டியோ வாங்க 120,000 ரூபா கடன் பெறுகிறார். “வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு, ஒரு வருடத்தில் கட்டி முடித்துவிடலாம்” என்கிறார்கள். 120,000 ரூபாவுக்குப் பன்னிரண்டு வீத வட்டி 14,400 ரூபா. இரண்டையும் கூட்டிப் பன்னிரண்டாற் பிரித்தால் மாதம் 11,200 ரூபா. கணக்குச் சரிதானே என்று கையெழுத்திட்டு வருகிறோம். ஆனால் அந்த 120,000 ரூபாவும் வருடம் முழுவதும் நம் கையில் இருந்ததா? மாதந்தோறும் முதலில் 10,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்துவருகிறோம். முதல் மாதத்தில் 120,000, அடுத்த மாதத்தில் 110,000, கடைசி மாதத்தில் வெறும் 10,000 ரூபாவே நமது கடன். சராசரி பார்த்தால் வருடம் முழுவதும் நாம் வைத்திருந்தது 65,000 ரூபா. 65,000 ரூபாவுக்கு 14,400 ரூபா வட்டி என்றால் அது நூற்றுக்கு இருபத்திரண்டை அண்டுகிறது. பன்னிரண்டு என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. உண்மையில் பாதியைச் சொன்னார். ஆதலின் கடன் கேட்கப்போகும்போது “வட்டி எத்தனை?” என்று மட்டும் கேட்பது போதாது. “குறைந்துசெல்லும் மீதிக்கா, முழு முதலுக்கா?” என்று கேட்டல் வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டவுடன் மேசைக்கு அப்பால் இருப்பவரின் முகம் சற்று மாறும். மாறட்டும்.

கைத்தொலைபேசியை மூன்று தவணையில் வாங்குவது பற்றி நமது தோழர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அதில் அவர்கள் நம்மினும் அனுபவசாலிகள்.

சீட்டுக்கு வருவோம். இங்கே அமர்ந்திருக்கும் தாய்மாருள் சீட்டுக் கட்டாதவர் எத்தனை பேர்? கைகளை உயர்த்தச் சொன்னால் கைகள் அதிகம் உயரமாட்டா. நம்மிற் படித்தவர் சிலர் சீட்டை ஏளனஞ் செய்வர். நமக்கு அவர்களோடு உடன்பாடில்லை. கணக்கைப் போட்டுப் பாராமல் ஏளனஞ் செய்தல் படிப்புக்கு அழகன்று.

இருபது பேர், மாதம் 10,000 ரூபா, மொத்தச் சீட்டு 200,000 ரூபா என்று கொள்வோம். முதல் மாதத்தில் அவசரம் உள்ள ஒருவர் 40,000 ரூபா கழிவு கூறி 160,000 ரூபாவை எடுக்கிறார். அந்த 40,000 ரூபாவும் இருபது பேருக்கும் தலைக்கு 2,000 ரூபாவாகப் பகிரப்படுவதால், அம்மாதம் ஒவ்வொருவரும் 8,000 ரூபாவே கட்டுகின்றனர். மாதம் செல்லச் செல்லக் கழிவு படிப்படியாகக் குறைந்து, கடைசி மாதத்தில் இல்லாமற் போகிறது. அப்படியாயின் சராசரியாக மாதம் 9,000 ரூபா. இருபது மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டுவது 180,000 ரூபா. முதலில் எடுத்தவர் 160,000 பெற்று 180,000 கட்டினார். கடைசியில் எடுத்தவர் 180,000 கட்டி 200,000 பெற்றார். முன்னவர் கொடுத்த வட்டியும் பின்னவர் பெற்ற வட்டியும் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து, பதினாறை அண்டியே வரும். சற்றுமுன் பார்த்த “பன்னிரண்டு” வீதக் கடனைவிட இது மலிவு! பத்திரமில்லை, பிணையில்லை, பாஷை தெரியாத உத்தியோகத்தருக்கு முன் கைகட்டி நிற்றலில்லை. நமது தாய்மார் அறிவிலிகள் அல்லர்.

அப்படியானால் மறைந்திருக்கும் செலவு எங்கே? மூன்று இடங்களில் இருக்கிறது. வழக்கமாக முதற் சீட்டைத் தாய்ச்சி கழிவின்றி எடுத்துக்கொள்வார்; கணக்கு எளிதாகும்பொருட்டு அதனை மேலே ஒதுக்கிவைத்தோம். அது மற்றையோர் அவருக்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடன்; அவருடைய உழைப்புக்கு அதனைக் கூலி என்று கொள்ளலாம். இரண்டாவது, ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கு ஆபத்து வந்துவிட்டால், அதாவது ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவும் மற்றவருக்கு வெளிநாட்டு ஏஜென்சிக்காரரின் நெருக்குதலும் என்றால், கழிவு 40,000 இல் நில்லாது 80,000 வரை ஏறும். அப்போது 120,000 ரூபாவை எடுத்துக்கொண்டு 200,000 ரூபாச் சீட்டுக்குக் கடமைப்படுகிறார். அவருடைய ஆபத்து மற்றப் பதினெட்டுப் பேருக்கும் இலாபம். அந்த இலாபத்தைப் பெற்றவர் எவரும் அன்றிரவு அதைப்பற்றிச் சிந்தித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

மூன்றாவதே பெரியது. கடைசிவரை காத்திருப்பவர் சேமிக்கிறார் என்று நினைக்கிறோம். உண்மையில் அவர் கடன் கொடுக்கிறார். பதினைந்தாம் மாதத்தில் அவருடைய பணம் முழுவதும் ஏற்கெனவே சீட்டு எடுத்துவிட்ட பதினைந்து பேரிடம் கிடக்கிறது. அவர்களில் இருவர் வீடு மாறிப் போய்விட்டால், தாய்ச்சி நல்லவராயினும் எங்கே போவார்? இதற்காகவே 1935 ஆம் ஆண்டில் இந்நாட்டில் சீட்டுக்கென ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நமது ஒழுங்கைகளில் நடக்கும் சீட்டுகளில் அந்தச் சட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்ட சீட்டு ஒன்றைத்தானும் நாம் கண்டதில்லை. சீட்டு முறிந்தால் பொலிசுக்குப் போகவும் மனம் வராது; தாய்ச்சி நம் பிள்ளையின் காதுகுத்துக்கு வந்தவர். கோவிலில் ஒருவரை ஒருவர் காணாதது போல விலகிப் போகும் இரண்டு குடும்பங்களை நீங்களும் அறிவீர்கள். அந்த விலகலை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

ஆகவே சீட்டை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பேர் குறைவாக, மாதம் குறைவாக, ஒவ்வொரு மாதமும் யார் எடுத்தார், எவ்வளவு கழிவு என்பதைக் கொப்பியில் எழுதி எல்லாரும் கையொப்பமிட்டு நடத்துங்கள் என்கிறோம். கொப்பி கேட்டால் கோபிக்கும் தாய்ச்சியிடம் சேராதீர்கள்.

அடுத்தது அடைவு. ஐந்து காப்பு, ஒவ்வொன்றும் 40,000 ரூபா பெறும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200,000. அவற்றை ஈடு வைத்து 140,000 ரூபா பெறுகிறோம். மாத வட்டி நூற்றுக்கு இரண்டு. மாதம் 2,800 ரூபா பெரிதாகத் தோன்றாது. வருடத்துக்கு 33,600. மீட்க முடியாமல் வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்தால் மூன்று வருடத்தில் 100,800 ரூபா போய்விடும். 140,000 ரூபாக் கடன் அப்படியே நிற்கும். அதன்பின் ஒருநாள் பத்திரிகையிலே ஏல அறிவித்தல். ஐந்து காப்பும் போயின. அவற்றின் பாதி விலையும் போயிற்று. அன்றே நான்கை விற்றிருந்தால் 160,000 ரூபா கிடைத்திருக்கும். தேவைக்கு 140,000 போக 20,000 கையிலும், ஒரு காப்புக் கரத்திலும் மிஞ்சியிருக்கும்.

“அம்மா போட்டு விட்டதை விற்பதா?” என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியின் வலிமையை நாம் அறிவோம். விற்றல் வெட்கம், ஈடு வைத்தல் தற்காலிகம் என்று நம் சமூகம் எண்ணுகிறது. அந்த வெட்கத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் அந்த 100,800 ரூபா. அதேவேளை விற்பதே எப்போதும் நன்று என்றும் சொல்லிவிட முடியாது. 2013 இல் உலகச் சந்தையில் பொன் விலை சரிந்தபோது, விலை உச்சத்தில் இருந்த காலத்தில் ஈடு வைத்தவர் பலர் மீட்காமலே விட்டனர்; இலங்கை வங்கிகளுக்கே அதனால் நட்டம் வந்தது. 2022 இல் அதற்கு மாறாக, ரூபா வீழ்ந்து பொன் விலை பாய்ந்தேறியது. அதற்கு முந்திய வருடம் விற்றவர்கள் கையைப் பிசைந்தனர். எனவே நமது கருத்து இவ்வளவே: ஆறு மாதத்துக்குள் மீட்கப் பணம் எங்கிருந்து வரும் என்று விரல்விட்டுச் சொல்ல முடியுமானால் ஈடு வையுங்கள். சொல்ல முடியாவிட்டால் அது ஈடன்று, மெதுவான விற்பனை.

சேமிப்பவர்க்கும் மறைந்த செலவு உண்டு. கூடிய வட்டி என்ற ஆசைக்குக் கொடுத்த விலையை 2008 டிசம்பரில் இந்நாட்டு மக்கள் கண்டனர். கோல்டன் கீ என்னும் கடனட்டைக் கம்பனி வங்கிகள் கொடுத்ததினும் மிகக்கூடிய வட்டிக்கு வைப்புகளைப் பெற்றுப் பின் சரிந்தது. வைப்புப் பெறும் நிதிக் கம்பனியாக மத்திய வங்கியின் அனுமதியை அது பெற்றிருக்கவில்லை. அனுமதி பெற்றவையும் சரிவதுண்டு. 2020 இல் த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்தானது. 2010 இல் தொடங்கிய வைப்புக் காப்புறுதித் திட்டம் அனுமதி பெற்ற நிறுவனங்களின் வைப்பாளருக்கே உரியது. அதன் உச்சத் தொகை 2021 இல் 1,100,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட சேமிப்பு உடையவர் ஒரே இடத்தில் முழுவதையும் வைத்தல் தகாது. அத்துணை சேமிப்பு உடையவர் இக்கூட்டத்தில் இருந்தால், மன்றத்தின் பொருளாளர் அவரைச் சந்திக்க ஆவலாயிருக்கிறார்.

அஞ்சி அஞ்சிப் பாதுகாப்பான வங்கியிலே வைத்தவர் தப்பினாரா? 2021 செப்டெம்பரில் 100,000 ரூபாவை நூற்றுக்கு ஆறு வட்டிக்கு வைத்தவர் ஒரு வருடத்தில் 106,000 ரூபா பெற்றிருப்பார். ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலைவாசி முந்திய வருடத்தினும் நூற்றுக்கு 69.8 கூடியிருந்தது. ஆதலின் அந்த 106,000 ரூபாவும் முந்திய வருடத்தில் 62,400 ரூபா வாங்கிய பொருளையே வாங்கியது. பணத்தை எவரும் திருடவில்லை. வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. சுருங்கச் சொன்னால், எல்லாவற்றையும் ஒரே உருவத்தில் வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. நமது பாட்டிமார் கொஞ்சம் பொன்னிலும் கொஞ்சம் காணியிலும் கொஞ்சம் அரிசிப் பானைக்குள்ளும் வைத்தது வெறும் பழமையன்று.

இனி நமது வயதினருக்கு. நம்மிற் பலர் பள்ளி முடித்தவுடன் களனி ஆற்றைக் கடந்து புறக்கோட்டைக் கடைகளுக்கும் கிட்டங்கிகளுக்கும் வேலைக்குப் போகிறோம். முதலாளி அன்போடு கேட்கிறார்: “தம்பி, சேமலாப நிதி, அது இதென்று ஏன் பிடிப்பது? முழுச் சம்பளத்தையும் கையிலே தந்துவிடுகிறேனே.” இருபது வயதில் இதைக் கேட்கக் காதுக்கு இனிமையாயிருக்கிறது. ஐம்பத்தைந்து வயதென்பது வேறு யாருக்கோ வருவது போலத் தோன்றுகிறது.

கணக்கைப் பாருங்கள். 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12 செலுத்தல் வேண்டும். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் மேலும் 3 செலுத்தல் வேண்டும். சம்பளம் 40,000 ரூபா என்றால், நமது சம்பளத்திற் பிடிபடுவது 3,200. முதலாளி தம் பையிலிருந்து போடவேண்டியது 4,800 உம் 1,200 உம், ஆக 6,000 ரூபா. “கையிலே முழுச் சம்பளம்” என்ற உபகாரத்தினால் நமக்குச் சொந்தமான 3,200 ரூபாவை முன்கூட்டியே பெற்று, மாதம் 6,000 ரூபாவை முதலாளிக்கே விட்டுக்கொடுக்கிறோம். வருடத்துக்கு 72,000. ஐந்து வருடம் அவ்வாறு வேலை செய்தால் வட்டியை விட்டுவிட்டாலும் 360,000 ரூபா. செட்டியார் தெருவிலே எந்த வட்டிக்காரனும் நம்மிடம் இவ்வளவை இவ்வளவு இலகுவாக வாங்கியதில்லை.

சேமலாப நிதியும் குறையற்றதன்று. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது நிதியின் வசமிருந்த அரசாங்க முறிகள் மாற்றப்பட்டமையால், பிற்கால வருமானத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளர் இழந்தனர். நாட்டின் கடனை வயோதிப காலத்துப் பணத்திலிருந்து தீர்த்தது நியாயமா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. ஆனால் அது நிதியில் உள்ளவர் கேட்கவேண்டிய கேள்வி. நிதியில் சேராதவருக்குக் கேட்பதற்கே ஒன்றுமில்லை. முதலாளி பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அதற்குச் சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும். சம்பளச் சீட்டே தராத இடமாயின் சம்பளம் வந்த நாளையும் தொகையையும் ஒரு கொப்பியிலாவது எழுதிவையுங்கள்.

கடைசியாகப் பிணை. வங்காளதேசத்தில் 1983 இல் கிராமின் வங்கி ஏழைப் பெண்களுக்குக் குழுவாகக் கடன் கொடுத்ததை உலகம் புகழ்ந்தது. நமது நாட்டிலும் அம்முறை பரவியது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்ற நிபந்தனையால் அயலவர் அயலவரின் வாயிலில் போய் நிற்கும் நிலை வந்தது. 2018 இல் வறட்சியால் வாடிய மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் நிலுவையானவற்றை அரசாங்கமே ஏற்று நீக்கவேண்டியதாயிற்று. ஹெந்தளையில் அத்தகைய குழுக்கள் குறைவு. ஆனால் முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒருவருக்கொருவர் பிணை நிற்பது நிறைய உண்டு. “மச்சான், ஒரு கையெழுத்துத்தானே” என்பார்கள்.

இந்நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டம் பிணையாளியிடம் இரக்கமுடையது. “முதலில் கடன்பட்டவனிடம் கேள், அவனிடம் தேறாவிட்டால் என்னிடம் வா” என்று சொல்ல அது பிணையாளிக்கு உரிமை தந்திருக்கிறது. ஆனால் அச்சடித்த பிணைப் பத்திரங்களில், அந்த உரிமையைத் துறக்கிறேன் என்று ஒரு வசனம் வழக்கமாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், நடுப் பக்கத்தில் இருக்கும். கையெழுத்திட்ட கணமே கடன்பட்டவனும் பிணையாளியும் கடன் கொடுத்தவர் கண்ணில் ஒன்றுதான். கடன்பட்டவன் தென்கொரியாவுக்கோ கட்டாருக்கோ போயிருந்தால் கடிதம் பிணையாளியின் வீட்டுக்கே வரும்.

இதை எதற்காகச் சொல்லுகிறோம் என்றால், நமது மன்றத்தில் மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்றவர் சிலர் இருக்கிறோம். அந்த ஆங்கிலம் இதுவரை விண்ணப்பங்கள் நிரப்பவும் விவாத மேடைகளில் முழங்கவுமே பயன்பட்டிருக்கிறது. வருகிற மாதம் தொடக்கம் ஞாயிறு அறநெறி வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் நம்மில் இருவர் மண்டபத்தில் இருப்பதென்று செயற்குழுவைக் கேட்டிருக்கிறோம். கடன் பத்திரமோ பிணைப் பத்திரமோ அடைவுச் சீட்டோ எதுவாயினும் கொண்டுவாருங்கள். வரி வரியாக வாசித்துத் தமிழில் சொல்லுவோம். நாம் வழக்கறிஞர் அல்லர். கையெழுத்திடு, இடாதே என்று சொல்லமாட்டோம். உங்கள் வீட்டுக் கணக்கு எவர் காதுக்கும் போகாது.

ஒன்று மட்டும். கையெழுத்திடுவதற்கு முன்னரே பத்திரத்தைக் கொண்டுவரல் வேண்டும். நாளைக்குத்தான் தருவோம், வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டோம் என்று எவராவது சொன்னால், அதையும் வந்து சொல்லுங்கள்.